கேள்வி – பதில்: வொக்ஸ்வாகன் பீற்றில்

பழைய கார்களைப் பற்றிக் கேட்கும்படி எழுதியிருந்தோம். வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பங்கு பீற்றிலைப் பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகச் சேர்த்துத் தருகிறோம்.

பதிவுப் புத்தகத்தில் 1968 என்று இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டுக்குரியது என்று சொல்லிக் கொழும்பில் வாங்கிய கிளச் பிளேற் பொருந்தவில்லை. கடைக்காரர் தவறா, புத்தகம் தவறா?
– வாசகர், மல்லாவி

இரண்டு பேரிலும் தவறு இல்லாமல் இருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் இங்கே பதிந்த ஆண்டு. தொழிற்சாலையில் ஒரு ஆண்டின் மாதிரி முந்திய ஆண்டின் ஆகஸ்ட் மாதத்திலேயே தொடங்கிவிடும். 1967 செப்ரெம்பரில் செய்த கார் 1968ஆம் ஆண்டு மாதிரிதான்.

முதலில் சசி இலக்கத்தைப் பாருங்கள். பின் இருக்கையைத் தூக்கினால் தரை நடுவே ஓடும் சுரங்கத்தின் முதுகில் அடித்திருக்கும். 1964 ஆகஸ்ட்டுக்குப் பிந்திய கார்களில் இலக்கம் ஒன்பது தானம். முதல் இரண்டும் வாகன வகை, மூன்றாவது மாதிரி ஆண்டின் கடைசி இலக்கம். 118 என்று தொடங்கினால் 1968 மாதிரி. 1970 மாதிரியிலிருந்து இலக்கம் பத்துத் தானமாகிறது. எனவே 110 என்று தொடங்கிப் பத்துத் தானம் இருந்தால் 1970.

பிறகு கண்ணால் சரிபார்க்க வேண்டும். பின் கண்ணாடி நடுவில் பிளந்திருந்தால் 1953 மார்ச்சுக்கு முந்தியது. முட்டை வடிவமென்றால் 1957 நடுப்பகுதி வரை. அதற்குப் பின் அகலமான கண்ணாடி. ஹெட்லைற் கண்ணாடி மட்கார்ட்டோடு சாய்ந்திருந்தால் 1967 ஜூலைக்கு முந்தியது, நிமிர்ந்திருந்தால் பிந்தியது. பெற்றோல் ஊற்ற முன் போனற்றைத் திறக்க வேண்டுமா, அல்லது வலது பக்கத்தில் வெளி மூடி இருக்கிறதா என்பதும் அதே எல்லைதான். முன் கண்ணாடி வளைந்திருந்தால் அது 1972 ஆகஸ்ட்டில் வந்த 1303 மாதிரி. அடிப்படை 1200 மாதிரியில் (ஏறத்தாழ 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின்) மட்டும் சில பழைய உறுப்புகள் மற்றவற்றை விடப் பிந்தியும் தொடர்ந்தன.

இவ்வளவும் ஒத்துப்போனாலும் எஞ்சின் வேறாக இருக்கலாம். பீற்றிலின் எஞ்சினை நான்கு போல்ற்றுகள்தான் கியர் பெட்டியோடு பிடித்திருக்கின்றன. கயிறும் பலகையும் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் இறக்கிவிடலாம். ஆகவே ஒரு காரின் எஞ்சின் இன்னொன்றுக்கு மாறியிருப்பது வழமை. எஞ்சின் இலக்கம் டைனமோ நிற்கும் தாங்கிக்குக் கீழே இருக்கும். 1965 ஆகஸ்ட்டிலிருந்து அதற்கு முன்னால் எழுத்து உண்டு: 'டி' 1200, 'எஃப்' 1300, 'எச்' 1500. 1970 ஆகஸ்ட்டிலிருந்து 'ஏபி' சிலிண்டர் தலைக்கு இரண்டு உள்வழி கொண்ட 1300, 'ஏடி' 1600.

உங்கள் கிளச்சுக்கு வருவோம். 1200க்கு 180 மில்லிமீற்றர் கிளச், 1500க்கு 200 மில்லிமீற்றர். உங்கள் காரில் எழுத்து 'டி' என்று இருந்தால் 1500இன் பிளேற் நுழையாது. இனி எதை வாங்கப் போனாலும் காரின் ஆண்டை மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் எழுத்தையும் சொல்லுங்கள், பழைய உறுப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

இது ஹிற்லர் செய்த கார் என்று ஆசிரியர் சொன்னார். அப்படியென்றால் போருக்குப் பின் ஏன் இதை உலகம் வாங்கியது?
– மாணவர், கிளிநொச்சி

திட்டத்துக்கு ஆணையிட்டவர் அவர். வடிவமைத்தது பெர்டினண்ட் போர்ஷேயின் அலுவலகம். ஒப்பந்தம் 1934 ஜூனில் கைச்சாத்தானது. கேட்கப்பட்டவை இவை: பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் அடங்க வேண்டும், மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓய்வின்றி ஓட வேண்டும், 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் அளவே குடிக்க வேண்டும், விலை 1,000 மார்க்கைத் தாண்டக்கூடாது. ஜேர்மனியில் பலரிடம் கராஜ் இல்லை. வெளியில் நிற்கும் காரின் தண்ணீர் குளிர்காலத்தில் உறையும். காற்றால் குளிரும் எஞ்சினைத் தெரிவுசெய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின்னால் எஞ்சின் வைத்த காற்றுக் குளிர்ச்சிக் கார்களைச் செக்கோஸ்லோவாக்கியாவில் தாட்ரா நிறுவனத்தின் ஹான்ஸ் லெட்விங்காவும் அப்போதே செய்துகொண்டிருந்தார். அவருடைய வேலையின் சாயல் பீற்றிலில் உண்டு.

தொழிற்சாலைக்கு 1938 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். காரின் விலை 990 மார்க். மக்கள் வாரம் 5 மார்க் முத்திரை வாங்கி ஒட்டிச் சேமித்தார்கள். சுமார் 3,36,000 பேர் அப்படிக் காசு கட்டினார்கள், ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போர் தொடங்கியதும் தொழிற்சாலை இராணுவ வாகனங்களுக்கு மாறியது. வதைமுகாம் கைதிகள் உட்பட ஆயிரக்கணக்கானோரிடம் அங்கே கட்டாய வேலை வாங்கப்பட்டது. காரைப் புகழும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

1945இல் குண்டுபட்ட அந்த இடம் பிரித்தானிய இராணுவத்தின் கைக்கு வந்தது. ஐவன் ஹேர்ஸ்ட் என்ற பொறியியல் மேஜர் எஞ்சியிருந்த இயந்திரங்களைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். இராணுவம் 20,000 கார்களுக்குக் கட்டளை கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 1,785 கார்கள் வெளிவந்தன. 1948 ஜனவரியில் ஹைன்ஸ் நோர்டொஃப் பொறுப்பேற்றார். 1968இல் இறக்கும்வரை அவர்தான் தலைவர். வெளி உருவத்தை மாற்றுவதற்குப் பதிலாக உள்ளே சிறு சிறு திருத்தங்களைச் செய்துகொண்டே போவது என்பது அவருடைய முடிவு. போருக்குப் பின் 1131 கன சென்ரிமீற்றர், 25 குதிரைவலு. 1954 மாதிரியில் 1192, 30. 1960 ஆகஸ்ட்டில் 34 குதிரைவலுவும் முதலாம் கியர் உட்பட நான்குக்கும் ஒத்திசைவும் (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு). 1965இல் 1300, 40 குதிரைவலு. 1966இல் 1500, 44. 1970இல் 1600, 50. பெற்றோல் அளவுமானிகூட 1961 ஆகஸ்ட்டில்தான் வந்தது. அதற்கு முன், கார் இழுத்து நிற்கத் தொடங்கினால் காலால் ஒரு நெம்பைத் திருப்பிச் சேமிப்புப் பெற்றோலுக்கு மாற்றுவார்கள்.

1955 ஆகஸ்ட்டில் பத்து இலட்சமாவது கார். 1972 பெப்ரவரி 17இல் 1,50,07,034ஆவது கார் வந்து, ஃபோர்ட் 'ரி' மாதிரியின் எண்ணிக்கையைத் தாண்டியது. 1974இல் முன்னால் எஞ்சினும் தண்ணீர்க் குளிர்ச்சியும் கொண்ட கோல்ஃப் வந்தது. ஜேர்மனியில் கடைசிப் பீற்றில் 1978 ஜனவரியில் எம்டனில் முடிந்தது. மெக்சிக்கோவின் புவெப்லாவில் 2003 ஜூலை 30 வரை செய்தார்கள். மொத்தம் 2,15,29,464.

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போகும்போது ஒட்டுசுட்டான் தாண்ட எஞ்சின் கொதிக்கிறது. நின்று ஓடும்போது ஒயில் லைற் மினுங்குகிறது. ரேடியேற்றர் இல்லாத காருக்கு என்ன பார்ப்பது? ரயர்க் காற்று நாலுக்கும் 30 இறாத்தல் வைத்திருக்கிறேன், அதுவும் காரணமா?
– வாசகர், முள்ளியவளை

இந்த எஞ்சினுக்குத் தண்ணீருக்குப் பதில் காற்றும் ஒயிலும். காற்று எங்கே தப்புகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.

எஞ்சின் அறையைச் சுற்றி ஒரு இறப்பர் வார் ஓடுகிறது. அது மேல் அறையையும் சைலன்சர் இருக்கும் கீழ்ப்பக்கத்தையும் பிரிக்கிறது. வார் இத்துப்போயிருந்தால் சைலன்சரில் சுட்ட காற்றையே விசிறி திரும்பவும் இழுக்கும். நடுப்பகல் வெயிலில் இந்த ஒன்றே போதும் எஞ்சினைக் கெடுக்க. அடுத்து, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தகரங்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது சிலிண்டர்களுக்குக் கீழே வரும் இரண்டு சிறு தகரங்களையும் 'தேவையில்லாத சாமான்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் காற்று துடுப்புகளுக்குள் புகாமல் வெளியே போய்விடும். மூன்றாவது, சூடேற்றிக் குழாய்கள். நம் ஊரில் சூடேற்றி வேண்டாம் என்று கழற்றினால், விசிறிக் கூட்டில் அவற்றுக்காக இருக்கும் இரண்டு வாய்களையும் மூடியிருக்க வேண்டும்.

பிறகு வலதுபக்கச் சிலிண்டர்களுக்குக் கீழே இருக்கும் தேமோஸ்ரற். அது 65 முதல் 70 பாகை வெப்பத்தில் விரிந்து காற்றுக் கதவுகளைத் திறக்க வேண்டும். அது பழுதென்றால், நல்லது கிடைக்கும்வரை கதவுகளைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுங்கள். கழற்றி எறிந்துவிட்டுக் கதவு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்காமல் விடாதீர்கள்.

பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீற்றர் அளவு தாழ வேண்டும். தளர்ந்திருந்தால் டைனமோக் கப்பியின் பிளவில் ஸ்குறூடிறைவரை வைத்துத் தடுத்து, 21ஆம் இலக்க நட்டைக் கழற்றி, இரு பாதிகளுக்கும் இடையே உள்ள வாசரில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டு இறுக்குங்கள். வாசரை எறியக்கூடாது, எல்லாம் அந்தக் கப்பியிலேயே இருக்க வேண்டும். பெல்ற் அறுந்தால் விசிறியும் நிற்கும். டைனமோ லைற் எரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'அடுத்த சந்தி வரைக்கும்' என்று ஓட்டினால் பிஸ்ரன் இறுகிவிடும். பழைய மாதிரிகளில் சிவப்பு டைனமோவுக்கு, பச்சை ஒயிலுக்கு.

தீப்பொறி முந்தினாலும் சூடேறும். 34 குதிரைவலு 1200க்கு பிஸ்ரன் உச்சத்துக்கு 10 பாகை முன்பு, 1300க்கும் 1500க்கும் 7.5 பாகை முன்பு. டிஸ்றிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர். இடைவெளியைச் சரிசெய்த பிறகே பாகையைப் பாருங்கள், ஏனென்றால் ஒன்றை மாற்றினால் மற்றது மாறும்.

நின்று ஓடும்போது மட்டும் ஒயில் லைற் மினுங்கி, வேகம் கொடுத்ததும் அணைந்தால் ஒயில் சூட்டில் இளகியிருக்கிறது, அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது எரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஒயில் 2.5 லீற்றர்தான் பிடிக்கும், வடிகட்டி கிடையாது, ஒரு வலை மட்டும். எங்கள் வீதிகளில் 5,000 கிலோமீற்றர் வரை பொறுப்பதே அதிகம். 20-50 ஒயில் போடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்து, அடித்தட்டின் ஆறு சிறு நட்டுகளையும் கழற்றி, வலையைக் கழுவி, இரண்டு பக்கக் கஸ்கற்றும் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். நீள ஸ்பனரால் இறுக்கக்கூடாது. எஞ்சின் உடல் மக்னீசியக் கலப்பு, இழை உடனே உருவிவிடும்.

கிரவல் தூசிக்கு இந்தக் காரின் ஒயில் தொட்டிக் காற்று வடிகட்டியை விட நல்லது வேறில்லை. கழற்றிவிட்டுக் கடதாசி வடிகட்டி போட்டவர்கள் பழையதைத் தேடிப் பிடியுங்கள். கீழ்த்தொட்டியில் அடையும் சேற்றை வழித்துக் கழுவி, சிவப்புக் கோடு வரை புது ஒயில் விடுங்கள். மேல்பகுதியைக் கழுவவோ தலைகீழாக வைக்கவோ கூடாது. கோடையில் குளக்கட்டு வீதிகளில் ஓடுபவர்கள் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ரயர்க் காற்று சூட்டுக்குக் காரணமல்ல, ஆனால் நாலுக்கும் 30 வைப்பது இந்தக் காரில் ஆபத்து. பாரம் பின்னால். முன்னுக்கு 16 முதல் 18, பின்னுக்கு 24 முதல் 27 இறாத்தல். முன் ரயர்கள் கடினமாக இருந்தால் வளைவில் முன்பகுதி பிடித்துக்கொள்ள, பின்பகுதி வெளியே வழுக்கும். கியர் பெட்டியில் மட்டும் முடக்கு உள்ள ஊசல் அச்சு என்றால், வளைவில் திடீரென்று வேகத்தை விட்டால் பின் சில்லு உள்ளுக்கு மடங்கும்.

வால்வு இடைவெளி எவ்வளவு? எங்கள் மெக்கானிக் அண்ணை எஞ்சின் சூட்டோடு பார்க்கிறார், அது சரியா?
– வாசகர், நெடுங்கேணி

குளிர்ந்த எஞ்சினில் மட்டும். இரவு நின்ற கார் என்றால் விடியற்காலை நல்லது.

விசிறிக் கூட்டில் ஒட்டிய தாள் இன்னும் இருந்தால் அதில் உள்ள அளவே உங்கள் எஞ்சினுக்கு உரியது. பழைய 34 குதிரைவலு எஞ்சின்களில் உள்வரும் வால்வுக்கு 0.20, வெளியேற்றும் வால்வுக்கு 0.30. தாள் இல்லாத பிந்திய எஞ்சின்களுக்கு எல்லாவற்றுக்கும் 0.15 மில்லிமீற்றர்.

டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழற்றி, அதன் விளிம்பிலுள்ள சிறு வெட்டை ரோட்டர் பார்க்கும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். அப்போது முதலாம் சிலிண்டர் உச்சத்தில். அது வலதுபக்கம், காரின் முன்புறத்தை நோக்கியது. அதன் இரண்டு வால்வுகளையும் சரிசெய்த பின், கீழ்க்கப்பியை இடஞ்சுழியாக அரைச்சுற்றுச் சுற்றினால் 2, இன்னும் அரைச்சுற்று 3, இன்னும் அரைச்சுற்று 4. எரியும் வரிசை 1-4-3-2 ஆகையால், பின்னோக்கிச் சுற்றும்போது இலக்கங்கள் நேராக வரும். பூட்டும்போது இரு மூடிகளுக்கும் புதுக் கோர்க் கஸ்கற் போடுங்கள். ஒயில் சொட்டுவதில் பாதி இங்கேதான்.

மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்றும் வால்வில் கூடுதலாகக் கவனம் வையுங்கள். 1970 வரை செய்த எஞ்சின்களில் ஒயில் குளிர்விப்பான் விசிறிக் கூட்டுக்குள், மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றது. ஆகவே அது மற்றவற்றை விடச் சூடு. 1971 மாதிரியின் 1300, 1600 எஞ்சின்களில் அதைப் பின்னுக்குத் தள்ளித் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். மூன்றாம் சிலிண்டரின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வுத் தண்டு நீளுகிறது, அல்லது இருக்கை அமிழ்கிறது. திருகித் திருகி ஓட்டாமல் சிலிண்டர் தலையைக் கழற்றுங்கள். தலை பிரிந்த வால்வு பிஸ்ரனையும் கொண்டுபோய்விடும்.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் அப்பா இந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். பிறகு கொட்டிலில் நின்றுவிட்டது. திரும்ப ஓட்ட முடியுமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

முடியும். நேரே சாவியைப் போடுவது மட்டும் வேண்டாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் எஞ்சின்களைக் கொஞ்சப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பீற்றில் அதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் தாழ்ந்த அழுத்த விகிதம். 1200க்கு 7.0, போருக்குப் பிந்திய 25 குதிரைவலு எஞ்சினுக்கு 5.8 மட்டுமே. இன்றைய எஞ்சினாக இருந்தால் தட்டித் தட்டியே உடைந்திருக்கும். ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மீதி சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். மேலே கரி படியும்.

ஆகவே ஒயில் அளவுக்கம்பியை உருவிப் பாருங்கள். மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் மணந்தால் அது ஒயில் அல்ல, வடித்துவிடுங்கள். பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு பிளக் இல்லாமல் கையால் கப்பியைச் சுற்றுங்கள். சுழலாவிட்டால் வலிந்து திருப்பாதீர்கள், இன்னும் ஊறட்டும். சுழன்றால் அழுத்தமானியால் நான்கையும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து, ஒயில் விட்டதும் உயர்ந்தால் பிஸ்ரன் வளையம் பழுது. உயராவிட்டால் வால்வு பழுது.

பெற்றோல் தாங்கியை இறக்கிக் கழுவுங்கள். காபரேற்றரைப் பிரித்து ஜெற் துளைகளைப் பாருங்கள். அந்நாளில் துளையைப் பெருப்பித்தவர்கள் உண்டு. உள்ளே கீறல் தெரிந்தால் புது ஜெற். இறப்பர்க் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பீற்றில் எரிந்துபோவது பெரும்பாலும் இங்கிருந்துதான். வெடித்த குழாயோ, காபரேற்றரில் தளர்ந்த பித்தளைக் குழலோ டிஸ்றிபியூட்டர் மேல் பெற்றோலைச் சொட்டும். பெற்றோல் வடிகட்டியை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடாதீர்கள். எஞ்சின் உடலின் மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணலைக் கொட்டுங்கள்.

எழும்பிய பிறகு 500 கிலோமீற்றரில் ஒயிலை மறுபடி மாற்றுங்கள். சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் துடித்துக்கொண்டே இருந்தால் பிஸ்ரன் தலையில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. சிலிண்டர் தலைகளைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். பெற்றோல் 92 ஒக்ரேன் தாராளமாகப் போதும்.

6 வோல்ற்றை 12 வோல்ற்றாக மாற்ற என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், மடு

பற்றரி, டைனமோ, ரெகுலேற்றர், கொயில், எல்லாப் பல்ப்புகளும், சிக்னல் பிளாஷர், வைப்பர் மோட்டர், ஹோர்ன். பழைய ஸ்ராற்றர் 12 வோல்ற்றிலும் சுற்றும், ஆனால் வேகமாக இடிக்கும். 12 வோல்ற் ஸ்ராற்றர் வாங்கினால் பறக்கும் சில்லையும் (ஃப்ளைவீல்) மாற்ற வேண்டும்: 6 வோல்ற்றுடையது 109 பல், 12 வோல்ற்றுடையது 130. அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும். அதற்கு முன் இருக்கும் வயர் முனைகளையும் பூமி இணைப்பையும் உரஞ்சிச் சுத்தம் செய்து பாருங்கள். மங்கலான லைற்றுகள் பல அதிலேயே சரியாகிவிடும்.

மாரியில் பின் இருக்கைக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்து வருகிறது?
– வாசகர், வெள்ளாங்குளம்

வலதுபக்கத்தில் பற்றரி நிற்கும் தட்டைப் பாருங்கள். அமிலம் சிந்தித் தகரத்தை அரித்திருக்கும், தண்ணீர் வீதியிலிருந்தே ஏறுகிறது. தட்டு முழுதாக இருந்தால் யன்னல் இறப்பர்களையும் கதவின் அடியிலுள்ள வடிதுளைகளையும் பாருங்கள். துளை அடைத்தால் கதவில் சேரும் நீர் உள்ளே வழியும்.

துருப்பிடித்த தட்டின் மேல் இன்னொரு தகரத்தை ஒட்டாதீர்கள், இடையில் நீர் தங்கும். நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத்தட்டை ஒட்டி, இரு பக்கமும் பூச்சுப் போடுங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் சூடேற்றிப் பெட்டி அரித்திருந்தால் அது உடலைத் தாங்கும் பகுதி. உடலை சசியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே அதை ஒட்டிவிட வேண்டும், இல்லையேல் கதவு இடைவெளி மாறிவிடும். பற்றரிக்கு மேல் காப்பு மூடி கட்டாயம் இருக்க வேண்டும். மூடி இல்லாத காரில் பாரமான ஒருவர் பின்னால் இருந்தால் இருக்கைச் சுருள் பற்றரி முனைகளில் பட்டுத் தும்பு தீப்பிடிக்கும்.